மேல் தட்டில் ஒரு மையத்து

மேல் தட்டில் ஒரு பிணம்.

கீழ் தட்டில் இரண்டு மூட்டை கருவாடு.

இரண்டுக்கும் எதிரே முக்காலி போட்டு றோசாலி உட்கார்ந்திருந்தாள். ஓடுகிற லொறியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்தது. அது வெங்காயத்துக்கா, மேல் தட்டில் இருப்பவருக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

பக்கத்தில் தரையில் இன்னொருத்தி அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு வெங்காயம் தேவைப்படவில்லை. தலையிலிருந்து முழங்கால் வரை கறுப்பு முக்காடு. முகத்தின் மேல் திரை. உள்ளே தோள்கள் குலுங்கின... குலுங்கின... நிற்காமல் குலுங்கிக்கொண்டே இருந்தன.

பெயர் பலீலா என்றாள். மேலே வெள்ளைத் துணிக்குள் கிடந்தவர் அவள் புருஷன்.

நேற்று மாலை அம்பாந்தோட்டைக் கடற்கரையில் ஒரு தள்ளுவண்டியோடு வந்து நின்றாள். வண்டியில் மையத்து, அதாவது புருஷனின் பிணம். பதுளையில் அவருடைய உம்மாவின் பக்கத்தில் அடக்க வேண்டும், அதுதான் கடைசி ஆசை என்று குசுகுசுக் குரலில் சொல்லி அழுதாள்.

லொறியின் சொந்தக்காரன் அற்புதராஜுக்கு யாராவது அழுதால் போதும். கூடச் சேர்ந்து அழுதுவிடுவான். அப்படியே அழுதான். ஏற்றிக்கொண்டான்!

அந்த லொறியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வருஷம் முழுவதும் அது ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பதுளை ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டி சுமக்கும். அற்புதராஜின் சோறு, துணி, மானம் எல்லாம் அதற்குள் அடக்கம். கல்யாணத்தன்று அவன் றோசாலிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். கடலைக் காட்டுகிறேன் என்று. அதை அவள் தினமும் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறினாள். தாங்க முடியாமல் இந்த 1926ஆம் வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு, பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளை அறைந்து லொறியின் முதுகில் ஒரு வீடு கட்டினான். படுக்க இரண்டு தட்டு. ஓர் அடுப்பு. ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. டிரைவர் பக்கம் பேச ஒரு சின்ன ஓட்டை.

உருளும் வீடு!

மாத்தறை, தெவுந்தரை, தங்காலை என்று ஒவ்வொரு கடலோர ஊராய் நின்று நின்று வந்தார்கள். மாத்தறையில் மாட்டு வைத்தியர் வண்டி என்று நினைத்து ஓர் ஆள் நொண்டிப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். தங்காலையில் பயாஸ்கோப் வண்டி என்று நினைத்து ஜனங்கள் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். றோசாலி முதல் தடவை கடலைப் பார்த்தபோது பேசவே இல்லை. அவள் பேசாமலிருந்ததைப் பார்த்து அற்புதராஜுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமான பயணம்!

இப்போது திரும்பும் வழி. மலைக்கு ஏற வேண்டும். மேல் தட்டில் மையத்து.

றோசாலி ஓட்டையில் வாயை வைத்தாள்.

"ஏங்க, எனக்கு ஒரு சந்தேகம்."

"ஒனக்கு எப்ப இல்ல?" லொறியை ஓட்டிக்கொண்டே அற்புதராஜ் கேட்டான்.

"நம்ம கடைவீதி ஸவாஹிராவோட வாப்பா காலைல மவுத்தானாரு. நான் சோத்த வடிச்சிட்டுத் துக்கம் கேக்கப் போறேன்... அடக்கிட்டுக் கை கழுவிக்கிட்டு இருந்தாங்க. அவங்கள்ல மையத்த வச்சிருக்கவே மாட்டாங்களே."

"நம்ம சித்தப்பா செத்தப்ப சாமியார் வர்ற வரைக்கும் மூணு நாள் வச்சிருக்கலயா?"

"அது நம்ம ஆளுங்க. இவங்க அப்பிடி இல்லீங்க."

"கடைசி ஆசைன்னு அந்தப் பொம்பள அழுவுது. நீ கேள்வி கேக்குறியா? சும்மா இரு."

றோசாலி சும்மா இருக்கப் பிறந்தவள் இல்லை.

"அப்புறம் இன்னொண்ணு. நேத்து வாங்கின வாழப்பழத்துல பாதிச் சீப்பக் காணோம்."

"அந்தோனிமுத்தக் கேளு."

அந்தோனிமுத்து றோசாலியின் தம்பி. லொறியின் கிளீனர். முப்பது வயது. வீரத்தில் மூன்று வயது. டிரைவர் பக்கத்திலிருந்து அவன் குரல் அழாக்குறையாக வந்தது.

"அக்கா, மையத்து படுத்திருக்குற எடத்துக்கு நான் ஏறுவேனா? சத்தியமா நான் திங்கல."

அப்போது லொறி சடக்கென்று நின்றது!

வெல்லவாயச் சந்தி. பாதையின் குறுக்கே ஒரு மூங்கில். மூங்கிலுக்குப் பின்னால் ஒரு போலீஸ் சார்ஜன். சார்ஜனுக்குப் பின்னால் இரண்டு துப்பாக்கிகள்.

"உள்ளுக்கு என்ன?" சார்ஜன் கேட்டார்.

அற்புதராஜ் பதில் சொல்வதற்குள் அவரே பின் கதவைத் திறந்தார். கருவாட்டு வாடை அவரை ஓர் அடி பின்னால் தள்ளியது. வெள்ளைத் துணியைப் பார்த்தார். முக்காட்டுக்குள் குலுங்கும் பெண்ணைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். கதவை மெதுவாக, மரியாதையாகச் சாத்தினார்.

"பாவம்... நீங்க போங்க. வேற ஒரு பொணத்தத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்."

"வேற பொணமா?"

"சூசைப்பிள்ளைன்னு அம்பாந்தோட்டையில ரத்தினக்கல் யாவாரி. ஊர்ல பாதிப் பேர் விக்கச் சொல்லி அவருகிட்டக் கல்லக் குடுத்திருக்காங்க. நேத்துக் காலைல ஆளைக் காணோம். வீட்டு முத்தம் பூரா ரத்தம். கல்லும் இல்ல, ஒடம்பும் இல்ல. கொன்னுட்டு ஒடம்பையும் தூக்கிட்டுப் போயிருக்கானுங்க."

"அட ஆண்டவரே..."

"ஒடம்பு யாருகிட்ட அம்புடுதோ அவனுக்குத் தூக்கு. வண்டியில கொண்டுபோனா வண்டியும் பறிமுதல். அந்தாளுக்கு வலது கால்ல ஆறு விரல். அப்பிடி ஏதும் கண்டா உடனே சொல்லு."

மூங்கில் உயர்ந்தது.

லொறி நகர்ந்தது. அற்புதராஜின் கால் மட்டும் கிளட்சின் மேல் தந்தி அடித்துக்கொண்டிருந்தது.

"மச்சான், ஏன் ஒங்களுக்கு வேர்க்குது?" என்றான் அந்தோனிமுத்து.

"நம்மகிட்ட ஒரு பொணம் இருக்குடா."

"ஆமா."

"அம்பாந்தோட்டையில ஏத்துனது."

"ஆமா."

"நேத்து."

"ஆ..."

 

கொஸ்லந்தை ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தது. நிறுத்தினார்கள். மலை மழை பிடித்துக்கொண்டது. றோசாலி குடையோடு இறங்கிவந்து நின்றாள். அற்புதராஜ் சார்ஜன் சொன்னதையெல்லாம் அவள் காதில் கொட்டினான்.

"ஆறு விரலான்னு பாத்துட்டா முடிஞ்சிச்சு," என்றாள்.

"அந்தப் பொம்பள உள்ளதானே குந்தியிருக்கா. அவ கூட்டாளியா இருந்தா? நாம பாத்துட்டோம்னு தெரிஞ்சா?"

"அவ முக்காட்டுக்குள்ள எதையோ வச்சிருக்கா," என்றான் அந்தோனிமுத்து. "இடுப்புப் பக்கம் புடைச்சிக்கிட்டு இருக்கு. பிஸ்தோலா இருக்கும்."

யாரும் உள்ளே போய்ப் பார்க்க முன்வரவில்லை. கடைசியில் வாடைக்கு என்று சொல்லி, பள்ளத்தில் நின்ற வாழையிலிருந்து ஈர இலைகளை வெட்டி, மையத்தின் கால்மாட்டில் கண்ணை மூடிக்கொண்டு திணித்துவிட்டு வந்தான் அந்தோனிமுத்து. முக்காட்டுக்காரி அதற்கும் குலுங்கினாள்.

லொறி மறுபடி ஏறியது. வளைவு... வளைவு... இன்னும் ஒரு வளைவு. கடலோரச் சூடு கீழேயே நின்றுவிட்டது. பனிப்புகை பாதையை மூடியது. பற்கள் தாளம் போடும் குளிர்.

பெரகலைச் சந்தியில் முக்காட்டுக்காரி கதவைத் தட்டினாள். ஒதுங்க வேண்டும் என்று சைகை காட்டினாள். இறங்கிப் புதருக்குப் பின்னால் போனாள்.

இதுதான் சமயம்!

றோசாலி மேல் தட்டில் ஏறினாள். கால்மாட்டு முடிச்சை அவிழ்த்தாள். துணியை விலக்கினாள்.

வலது கால்.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... ஐந்து...

ஆறு!

சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். லொறி போச்சு. புருஷன் போனான். தம்பி போனான். தூக்குக் கயிறு பதுளை ஜெயிலில் மூன்று முழம் அளந்து வைத்தாயிற்று. கடலைப் பார்க்க ஆசைப்பட்ட பாவத்துக்கு இத்தனையா என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது.

அழப்போனவள் அப்படியே நின்றாள்.

ஐந்தாம் விரலுக்கும் ஆறாம் விரலுக்கும் நடுவில் ஓர் அட்டை. வாழை இலையிலிருந்து வந்தது. நன்றாகக் குடித்து, நாவல்பழம் அளவுக்கு வீங்கிப்போய், இப்போதுதான் வயிறு நிறைந்து பொத்தென்று விழுந்தது.

அது விட்ட இடத்தில் ரத்தம் சிவப்பாக, புதிதாக ஓடியது.

றோசாலி தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து தேயிலைக் கொழுந்துக்குள் வளர்ந்தவள். அவள் கால் பார்க்காத அட்டையா?

அட்டை செத்த உடம்பில் குடிக்காது!

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அரிப்புத் தாங்காமல், அந்த ஆறாவது விரல் மெல்ல... மிக மெல்ல... ஆடியது.

முடிச்சைப் போட்டாள். இறங்கினாள். லொறியின் முன்பக்கம் ஓடினாள்.

"ஏங்க, ஆறு விரலு."

அற்புதராஜ் ஸ்டியரிங்கில் தலையை வைத்தான்.

"அழாதீங்க. ஆளு உசுரோட இருக்கான்."

தலை நிமிர்ந்தது.

"அட்ட குடிச்சிருக்கு. வெரல ஆட்டுறான். இவன யாரும் கொல்லல. ஊராங்க கல்ல அமுக்கிக்கிட்டு, கோழிய அறுத்து முத்தத்துல ஊத்திட்டு, செத்த பொணமாட்டம் படுத்துக்கிட்டு வாறான். பதுளையில ரயில் ஏறிட்டா யாரு புடிக்க?"

"அப்ப வாழப்பழத்தத் தின்னது நான் இல்லன்னு இப்பவாவது ஒத்துக்க," என்றான் அந்தோனிமுத்து.

"வாய மூடு. ஏங்க, என்ன செய்றது?"

"நேரா போலீசுக்குப் போயிருவோம்," என்றான் அற்புதராஜ்.

"போனா? நீயும் கூட்டுத்தான், பங்கு பேசித்தான் ஏத்துனன்னு அவன் சொல்லுவான். லொறி நம்மளோடது. கதவத் தொறந்து காட்டி சார்ஜனையும் ஏமாத்திட்டு வந்திருக்கோம். நாமளா சொல்லக் கூடாது. பத்துப் பேருக்கு முன்னால அவனா எந்திரிக்கணும்."

"அவன் ஏன் எந்திரிக்கிறான்?"

றோசாலி யோசித்தாள். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்த அந்தோனிமுத்துவுக்கு மையத்தே மேல் என்று தோன்றியது.

"பண்டாரவளையில ஜாபிர் நானா கடைக்கு முன்னால நிப்பாட்டுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

முக்காட்டுக்காரி திரும்பி வந்து ஏறிக்கொண்டாள். லொறி புறப்பட்டது.

பண்டாரவளைக் கடைவீதி. மழை விட்டிருந்தது. ஜவுளிக்கடை வாசலில், ஊரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஜாபிர் நின்றுகொண்டிருந்தார். ஸ்டேஷனிலிருந்து அவருக்கு மூட்டை இறக்குவது அற்புதராஜின் லொறிதான். எதையும் நிதானமாகச் செய்கிற மனிதர். ஊரில் யார் மவுத்தானாலும் முதல் ஆளாக நிற்பவர்.

லொறி நின்றதும் உள்ளேயிருந்து முக்காட்டுக்காரி றோசாலியின் கையைப் பிடித்து, போ போ என்று சைகை செய்தாள். றோசாலி பார்க்காத மாதிரி கதவை அகலத் திறந்தாள். கடைவீதி முழுக்கக் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"ஜாபிர் நானா, ஒரு ஒத்தாச வேணும். உள்ள ஒங்க ஆளு ஒருத்தரோட மையத்து இருக்கு. அம்பாந்தோட்டையில நேத்து மவுத்தானவரு. பதுளைக்குக் கொண்டு போறோம்."

ஜாபிரின் முகம் மாறியது.

"நேத்தா?"

"ஆமா நானா."

"நேத்து மவுத்தானவர இன்னக்கிம் ரோட்டுல வெச்சிக்கிட்டு ஈக்கிறீங்களா? இது பெரிய பாவம். எங்கட மார்க்கத்துல மையத்த சுணக்கப்படாது."

"எங்களுக்கு என்ன நானா தெரியும்..."

ஜாபிர் அதற்குமேல் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார்.

"றஹீம், ரெண்டு பேரோட மையவாடிக்குப் போய் கபுறுக் குழிய வெட்டு. லத்தீப், மையத்தத் தூக்குற சந்தூக்கக் கொண்டா. பள்ளியில தண்ணி எறைக்கச் சொல்லு. குளிப்பாட்டி, கபன் துணி சுத்தி, சாயந்தர அசர் தொழுகையோட அடக்கிருவோம்."

மேல் தட்டில் வெள்ளைத் துணி இலேசாகத் துடித்தது. றோசாலி மட்டும் அதைக் கவனித்தாள். வயிற்றுக்குள் சிரிப்புக் கொதித்தது.

இப்போது முக்காட்டுக்காரி தடுக்க வேண்டும். வேண்டாம் என்று கதற வேண்டும். பிஸ்தோலை எடுத்தாலும் எடுப்பாள். அற்புதராஜ் றோசாலிக்கு முன்னால் வந்து மறைத்து நின்றான்.



முக்காட்டுக்காரி ஜாபிரைப் பார்த்துக் குசுகுசுத்தாள்.

"நல்ல காரியம். சீக்கிரம் அடக்கிருங்க."

றோசாலி திடுக்கிட்டாள்!

துணி இந்த முறை நன்றாகவே துடித்தது!

ஜாபிரின் மனைவி நளீரா வீட்டு வாசலிலிருந்து வந்து முக்காட்டுக்காரியின் தோளைப் பிடித்தாள்.

"வாங்க மக. நீங்க இனி புருஷனுக்காக இத்தா ஈக்கோணும். ஆம்புளைகட கண்ணுல படாம உள்ளுக்கு ஈக்கோணும். ரூம் தாறேன்."

"எத்தன நாளு?"

"நாலு மாசம் பத்து நாள்."

"அவ்வளவுதானா?"

நளீரா விழித்தாள். முக்காட்டுக்காரி தானாகவே முன்னால் நடந்தாள்.

றோசாலியின் சிரிப்பு நின்றுவிட்டது. புருஷனின் கையைப் பிடித்தாள்.

"ஏங்க... உசுரோட இருக்குறவனப் பொதைக்கச் சொல்றா இவ."

"கல்லு பூரா அவளுக்கேன்னு திட்டமா இருக்கும்."

"அவன் எந்திரிக்காம கெடந்தா? பயத்துல மயங்கிக் கெடந்தா? ஒரு உசுரு போனா அது என் தலையிலதானே விடியும். நான்தானே மாட்டிவிட்டேன். நீங்க அங்க போங்க. தண்ணி ஊத்தியும் எந்திரிக்கலன்னா கத்துங்க. லொறி போனாலும் போவட்டும்."

அற்புதராஜ் சந்தூக்குக்குப் பின்னால் ஓடினான். அந்தோனிமுத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினான்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, வாங்க. பள்ளியில ஒரு மையத்து எந்திரிக்கப் போவுது."

"எப்ப?"

"தண்ணி ஊத்துன ஒடனே."

இன்ஸ்பெக்டர் இருபது வருஷ சர்வீஸில் எல்லாப் புகாரும் கேட்டிருந்தார். நேரம் குறித்த உயிர்த்தெழுதல் இதுதான் முதல் தடவை. கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

பள்ளியின் பக்கத்தில் மையத்துக் குளிப்பாட்டும் இடம். சுற்றிலும் திரை. திரைக்கு வெளியே அற்புதராஜ், மூச்சைப் பிடித்துக்கொண்டு. உள்ளே ஜாபிரும் மூன்று பேரும்.

"மையத்து நல்ல கனம்," என்றது ஒரு குரல்.

"கனத்தப் பேசாத. தண்ணிய எடு," என்றது ஜாபிரின் குரல்.

பண்டாரவளை ஊற்றுத் தண்ணீர். பெரகலைப் பனியில் குளித்து வந்த தண்ணீர். அதில் கை வைத்தால் விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு வாளி சரிந்தது.

சளப்!

"ஐயோ... அம்மா... செத்தேன்!"

அந்த அலறல் அப்புத்தளை வரை போயிருக்கும். திரையைப் பிய்த்துக்கொண்டு மூன்று பேர் வெளியே பாய்ந்தார்கள். ஒருவர் மதிலைத் தாண்டினார். இன்னொருவர் மதிலைத் தாண்டுவதாக நினைத்து அற்புதராஜைத் தாண்டினார்.

ஜாபிர் மட்டும் அசையவில்லை. வாளியைக் கீழே வைத்தார்.

வெள்ளைத் துணி சுற்றிய ஒரு தொந்திக்காரர் பலகையின் மேல் உட்கார்ந்து, பல் கிட்டக் கிட்ட, அவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நா... நானா... நான் சாகல."

"அதப் பொறவு பேசுவோம். மொதல்ல தலயத் தொவட்டுங்க. சளி புடிச்சிரும்," என்றார் ஜாபிர்.

கிழிந்த திரைக்குள் அந்தோனிமுத்துவோடு இன்ஸ்பெக்டர் நுழைந்தார். தொந்திக்காரரின் முகத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"சூசைப்பிள்ளை," என்றார். "ஒங்கள யாரு கொன்னதுன்னு காலைல இருந்து தேடிக்கிட்டு இருக்கோம்."

சூசைப்பிள்ளை நடுங்கினார். அதில் பாதி குளிர்.

"ஐயா, எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் இந்த லொறிக்காரன் திட்டம். பங்கு பேசித்தான் ஏத்துனான்."

றோசாலி சொன்னபடியே நடந்தது! இன்ஸ்பெக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"லொறி ஒன்னோடதா?"

"என்னோடதுதாங்க. ஆனா நான்..."

"மொதல்ல கல்லு எங்க? அதச் சொல்லு. இல்லன்னா லொறி இங்கயே நிக்கும், நீ உள்ள போவ."

"அவரு என்னத்தக் கண்டாரு? கல்லு என்கிட்ட இருக்கு."

எல்லோரும் திரும்பினார்கள்.

வாசலில் முக்காட்டுக்காரி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் நளீரா, ஆம்பிளைகள் பக்கம் வரக் கூடாது என்று கெஞ்சிக்கொண்டு. அவளுக்கும் பின்னால் றோசாலி, அடுப்பு ஊதுகுழலை ஓங்கிக்கொண்டு.

குசுகுசுக் குரல் இல்லை இப்போது. நல்ல கணீரென்ற குரல்.

சூசைப்பிள்ளைக்கு நடுக்கம் சட்டென்று நின்றது. வேர்த்தது. பண்டாரவளைக் குளிரில், ஈரத் துணியோடு, வேர்த்தது!

"இந்தக் குரலு..." என்றார்.

அவள் முகத்திரையைத் தூக்கினாள்.

சூசைப்பிள்ளை போட்ட அலறலுக்குப் பக்கத்தில், தண்ணீருக்குப் போட்ட அலறல் ஒரு தாலாட்டு.

"பிலோமினா!"

"நான்தான். நீங்க தாலி கட்டுன பிலோமினா."

"அப்ப... பலீலா?"

"அவ வரமாட்டா. நானே போய்ப் பேசினேன். அவளுக்குச் சொன்ன பொய்யையும் எனக்குச் சொன்ன பொய்யையும் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஒப்பிட்டுப் பாத்தோம். அவளே முக்காட்டக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டா. துணிப் பொட்டணமா கட்டிக் கெடந்த ஒங்களுக்கு எங்க தெரியப் போவுது?"

பிலோமினா இடுப்பிலிருந்து ஒரு பையை எடுத்தாள். அந்தோனிமுத்து தரையில் குப்புற விழுந்தான். பிஸ்தோல் இல்லை. பையை அவள் இன்ஸ்பெக்டரின் கையில் கவிழ்த்தாள். நீலம், சிவப்பு, மஞ்சள் என்று கற்கள் உருண்டன.

"ஊராங்க நம்பிக் குடுத்த கல்லுங்க ஐயா. தங்கச்சி கல்யாணத்துக்குன்னு குடுத்தவங்க இருக்காங்க. அவங்கவங்ககிட்டச் சேத்திருங்க. இந்த லொறிக்காரங்க ஒரு பாவமும் அறியாதவங்க. முன்னப் பின்னத் தெரியாத எனக்கு ரெண்டு நாளாச் சோறு போட்டாங்க. அவங்க மேல கை வச்சா நான் கோர்ட்டு ஏறிச் சாட்சி சொல்லுவேன்."

இன்ஸ்பெக்டர் அற்புதராஜின் தோளைத் தட்டினார்.

"நீ லொறிய எடுத்துட்டுப் போ."

அற்புதராஜ் அழுதான். இந்த முறை கூட அழ யாரும் தேவைப்படவில்லை. றோசாலி ஊதுகுழலைக் கீழே போட்டுவிட்டு, நாலு பேர் பார்க்கிறார்கள் என்றும் பாராமல், அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பிலோமினாவைப் பார்த்தாள்.

"இருந்தாலும் அக்கா, வெல்லவாயச் சந்தியிலேயே சார்ஜன்கிட்டச் சொல்லியிருக்கலாமே. எங்க உசுரே போயிருச்சு."

"சொல்லத்தான் நெனச்சேன். ஆனா கல்யாணமாகி இத்தன வருஷத்துல இந்த மனுஷன் வாயத் தொறக்காம ஒரே எடத்துல கெடந்தது இதான் மொத தடவ. நான் என்ன சொன்னாலும் எதிர்ப் பேச்சு இல்ல. கொஞ்சம் அனுபவிப்போமேன்னு விட்டுட்டேன்."

"அப்ப வழி பூராக் குலுங்கிக் குலுங்கி அழுதது?"

"அழுதேனா? சிரிச்சு சிரிச்சு எனக்கு வயித்துவலியே வந்திருச்சு."

"அடக்கிருங்கன்னு சொன்னீங்களே அக்கா."

"குழிக்குள்ள எறக்குற நேரத்துல நிப்பாட்டச் சொல்லியிருப்பேன்." பிலோமினா கொஞ்சம் யோசித்தாள். "அப்பிடித்தான்னு நெனைக்கிறேன்."

நளீரா முதலில் சிரித்தாள். அப்புறம் றோசாலி. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த மூன்று பேரும் சிரித்தார்கள். ஜாபிர் மட்டும் துண்டால் சூசைப்பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார்.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"செத்துப்போன ஆளையே புடிச்சுட்டுப் போறது எனக்கு இதான் மொத கேசு. நம்பிக்க மோசடி. ரெண்டு வருஷமாவது உள்ள இருக்க வேண்டி வரும்."

"இருந்துட்டு வரட்டும் ஐயா," என்றாள் பிலோமினா, தேன் ஒழுகும் குரலில். "விடுற அன்னைக்கி ஜெயில் வாசல்லயே நிப்பேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சாவகாசமாப் பேசணும். ரெண்டு வருஷத்துப் பேச்சையும் சேத்து வச்சிருப்பேன்."

சூசைப்பிள்ளை அவளைப் பார்த்தார். விலங்கைப் பார்த்தார். கடைசியில் ஜாபிரின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கூப்பினார்.

"நானா... அந்தத் துணிய இப்பிடிக் குடுங்க. வெட்டுன குழி வீணாப் போகப்படாது."